அரைக்கால் அங்குலம்

சென்ற மாதம் முழங்கால் ஆபரேஷன் முடிந்தபின், ஆஸ்பத்திரியில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வாசல் கிட்டே வந்ததும் தள்ளிய அம்மாள், "அஜ்ஜா, கை ஒளகெ இட்கொள்ளி" என்றாள். கையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். வைத்துக்கொண்டேன். வாசலைத் தாண்டிவிட்டோம். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது. உட்கார்ந்தால் அலுப்பு வருகிறது. நாலு வரி எழுதினால் கை ஓய்ந்துவிடுகிறது. நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன், எழுத்து எனக்குத் தொழில் இல்லை. என் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனாலும் என் வயதுக்காரர்களே, உங்களைப் பார்த்துப் பேசுவதுதான் எனக்குச் சுலபமாக வருகிறது. அங்குலம், அடி என்றால் உங்களுக்குப் புரியும். பிள்ளைகளுக்கு அதையெல்லாம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாற்றிச் சொல்வதில்தான் தப்பே வரும் என்பது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரிந்துபோன விஷயம். சொல்கிறேன்.

அப்போது நாங்கள் காக்ஸ் டவுனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், என்னைவிட மூன்று வயது சின்னவளான தங்கை, பிறகு சித்தப்பா. சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. மின்சாரக் கம்பத்தில் ஏறி லைன் இழுக்கும் வேலை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் கம்பத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. இடுப்புக்கு மேலே எல்லாம் அசையும், வாய் மற்றவர்களைவிடக் கூடவே அசையும்.

அவருடைய நாற்காலி மிலிட்டரி ஆஸ்பத்திரிச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அப்பா எடுத்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் எவனோ உட்கார்ந்த நாற்காலி. தேக்குச் சட்டம், பிரம்பு முதுகு. பெரிய சக்கரம் இரண்டு, பின்னால் சின்னது ஒன்று. பெரிய சக்கரத்துக்கு வெளியே இன்னொரு மெல்லிய இரும்பு வளையம் இருக்கும். அதைக் கையால் பிடித்துத் தள்ளினால் தானே ஓட்டிக்கொண்டு போகலாம். அந்த வளையம் குளிர்காலத்துக் காலையில் ஐஸ் மாதிரி இருக்கும். சித்தப்பா உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, "வெள்ளைக்காரன் போனாலும் குளிரை உட்டுட்டுப் போயிட்டான்டா" என்பார்.

ஆனால் ஓட்டுவதற்கு இடம் எங்கே? அந்த வீட்டில் அறைக்கு அறை ஒரு படி. கக்கூஸ் புழக்கடையில், மூன்று படி இறங்கி. காலையில் அப்பா அவரைத் தூக்குவார். அப்பா ஆபீஸ் போனபிறகு என்றால் பக்கத்து வீட்டுக்காரர் வர வேண்டும். அவரும் இல்லையென்றால் அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வோம். அந்த நேரத்தில் மட்டும் சித்தப்பாவின் வாய் அசையாது. மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அவர் காப்பியில் பாதியை டம்ளரிலேயே விட்டுவிடுவார். ரசமும் குடிக்க மாட்டார். அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல்.

"என் கைக்காப்பி உங்க தம்பிக்குப் பிடிக்கல. எத்தினி வருஷமா ஊத்தறேன், ஒரு நாளாவது முழுசாக் குடிச்சிருக்காரா?" என்று அப்பாவிடம் சொல்வாள்.

"அவன் ருசி பார்த்துத் தின்னே பழகினவன், விடு" என்பார் அப்பா.

இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு பேருக்குமே நிஜக் காரணம் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

அந்த வருஷம் அப்பா லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன மனை வாங்கினார். சுற்றிலும் கேழ்வரகு வயல்தான். அங்கே இருபத்தைந்துக்கு இருபது அடியில் ஒரு வீடு. படியே இல்லாமல் எல்லா அறையும் ஒரே மட்டத்தில். கக்கூஸும் அதே மட்டத்தில், பின்பக்கம் ஒட்டி. இது அப்பாவின் யோசனை. சொன்ன அன்றைக்குச் சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "டேய், ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரையும் கூப்பிடாம இருந்து பாக்கணும்டா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டிராஃப்ட்ஸ்மேன் போட்டுக் கொடுத்த நீலக் காகிதப் பிளான் அம்மாவுக்குப் புரியவில்லை. "கோடு கோடா இருக்கு. இதுல வீடு எங்க?" என்றாள். நான் அட்டையில் வீடு செய்து காட்டுகிறேன் என்றேன். அணா போய் நயா பைசா வந்த புதிது. கடையில் பெரியவர்களே திணறி நிற்கும்போது நான் ஆறணாவுக்கு எவ்வளவு என்று டக்கென்று சொல்லிவிடுவேன். அதனால் மாற்றுக் கணக்கு என்றால் பையன் புலி என்று அப்பாவுக்கு ஒரு நம்பிக்கை.

பிள்ளைகளே, கணக்கு இதுதான். நிஜ வீட்டில் ஒரு அடி என்றால் அட்டை வீட்டில் அரை அங்குலம். ஒரு அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். அப்படியானால் நிஜத்தில் இருபத்துநாலு அங்குலம் அட்டையில் ஒரு அங்குலமாகச் சுருங்குகிறது. எதை அளந்தாலும் இருபத்துநாலால் வகுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூட ஸ்கேலில் ஒரு அங்குலத்தை எட்டுக் கோடாகப் பிரித்திருக்கும். அதில் ஒரு கோடு நிஜத்தில் மூன்று அங்குலம். இந்த எட்டில் ஒன்றை அப்பா அரைக்கால் என்பார். அவர் சின்னப் பிள்ளையில் படித்த கீழ்வாய்க் கணக்கு, அதாவது பழைய பின்னக் கணக்கு, அது. காலில் பாதி அரைக்கால்.

ஷூ டப்பா அட்டை. மைதாப் பசை, பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். அந்தப் பசை வாசனை பத்து நாள் வீட்டில் இருந்தது. சுவர் நின்றதும் அம்மா குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

"இவ்ளோதான் அடுப்படியா? இதுல அம்மி எங்கடா போடறது?"

"அம்மா, இது அரை அங்குலத்துக்கு ஒரு அடி."

"உன் அங்குலத்தைத் தூக்கி அடுப்புல போடு. அம்மிக்கு எடம் இருக்கா இல்லியா?"

தீப்பெட்டி அட்டையில் ஒரு அம்மி வெட்டி வைத்துக் காட்டின பிறகுதான் நிமிர்ந்தாள்.

இதற்கு நடுவில் அப்பா ரிச்சர்ட்ஸ் டவுனில் இடித்த ஒரு பங்களாவிலிருந்து பழைய தேக்கு வாசல் நிலைகள் நாலு பேசி வைத்திருந்தார். நல்ல மரம், சல்லிசு. வீட்டுக்குள்ளே நாலு வாசலுக்கும் அதையே நட்டுவிடலாம். ஒரே ஒரு கேள்விதான்: நாற்காலி அதில் போகுமா?

அப்பா சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து நான் மனைக்குப் போனேன். அம்மாவின் தையல் டேப் பையில். நிலைகளைச் செங்கல் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், காதில் துண்டு பீடி வைத்திருப்பார்.

"உள்ளளவு பாரு தம்பி. மரத்தைச் சேர்த்து அளந்துட்டு வந்து மூணடின்னு நிப்பாங்க, அப்புறம் பேஜாராயிடும்" என்றார்.

உள்ளளவே பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். இரண்டரை அடி, அதாவது முப்பது அங்குலம்.

வீட்டுக்கு வந்து நாற்காலியை அளக்க வேண்டும். சித்தப்பா அதில் உட்கார்ந்திருந்தால் டேப்பை நேராகப் பிடிக்க வரவில்லை. அப்பா அவரைத் தூக்கிக் கட்டிலில் விட்டார். "பார்த்து அளடா. நீ அளக்கறது என் காலு" என்றார் சித்தப்பா கட்டிலிலிருந்து. இந்தப் பக்கத்து வளையத்திலிருந்து அந்தப் பக்கத்து வளையம் வரைக்கும் இருபத்தேழு அங்குலம்.

வகுத்துப் பார்த்தேன். வாசல் ஒன்றேகால் அங்குலம். நாற்காலி ஒன்றே அரைக்கால். மிச்சம் அரைக்கால். கோடு தவறாமல் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"சித்தப்பா, அரைக்கால் மிச்சம்!"

"அடேங்கப்பா! ரெண்டு காலும் போச்சுன்னு நெனச்சேன், இவன் ஒருத்தன் எனக்கு அரைக்கால் மிச்சம் வெச்சிருக்கான்" என்றார். அம்மா அடுப்படியில் சிரித்தது கேட்டது.

ஒரு சின்ன நாற்காலியும் செய்தேன். அம்மாவின் பழைய கம்பளிக் கோட்டிலிருந்த இரண்டு பெரிய பொத்தான்கள் சரியாக ஒரு அங்குலம் இருந்தன. நிஜச் சக்கரம் இரண்டடி, ஆகவே பொத்தான்தான் சக்கரம். வெளியே மெல்லிய கம்பி வளையமும் வைத்துக் குண்டூசியில் கோத்துவிட்டேன். உருண்டது.

தங்கைக்கும் இதில் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. மாதா கோவிலில் எரிந்து மிஞ்சின மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருப்பாள். அதை வெயிலில் வைத்துப் பிசைந்து, செங்கல் பொடி கலந்து, சித்தப்பா பொம்மை ஒன்று செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்திருக்கும் பொம்மை. சித்தப்பாவிடம் காட்டினாள்.

"அப்படியே நான்தான். மூக்கை மட்டும் கொஞ்சம் சீவி உடு."

அதை என் நாற்காலியில் உட்கார வைத்து, என் வாசலில் தள்ளினாள். தட்டியது. இரண்டு பக்கமும் பொம்மையின் கை அட்டையில் இடித்து, நாற்காலி நின்றுவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. பத்து நாள் வேலை, கோடு தவறாத கணக்கு. இவள் ஸ்கேலைத் தொடாமல் கண்ணால் பார்த்துப் பிசைந்த மெழுகு வந்து இடிக்கிறது.

"கையை இவ்ளோ தடிச்சதாப் பண்ணினா எப்படிடி போகும்? உனக்கு அளவு தெரியுமா?"

"சித்தப்பா கையி அப்படித்தான் இருக்கு."

"அரைக்கால்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

நான் பொம்மையைப் பிய்த்து எடுத்தேன். ஒரு கை வளையத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, அதையும் நகத்தால் சுரண்டினேன். அவள் அழுதாள். காலி நாற்காலி வாசலில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அன்று சாயங்காலம் அட்டை வீட்டைச் சித்தப்பா மடியில் வைத்தார்கள். அவர் ஒற்றை விரலால் அந்தக் காலி நாற்காலியைத் தள்ளினார். படுக்கையறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பின்பக்கம், அங்கிருந்து கக்கூஸ். நாலு வாசல். மறுபடியும் முதலிலிருந்து. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. வாயால் மெதுவாக 'கிரீச், கிரீச்' என்று சத்தம் கொடுத்துக்கொண்டே தள்ளினார்.

மேஸ்திரிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "சார், மரத்தை நடறதுக்கு முன்னால ஒரு தபா அந்த வண்டியை இங்க கொண்டாந்து உட்டுப் பாத்துடலாமே. மூணு அங்குலம்னா பக்கத்துக்கு ஒண்ணரைதான்" என்றார்.

"அவனை எறக்கி, வண்டியைக் கொண்டாந்து, அது திரும்பி வர்ற வரைக்கும் அவன் கட்டில்லயே கிடக்கணும். வேணாம் மேஸ்திரி. பையன் கணக்குப் போட்டுட்டான். ஸ்வல்பமும் தப்பாது."

அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னார். அந்தக் கையின் கனம் இன்னும் எனக்குத் தெரிகிறது.

குடிபோன அன்று பாதிரியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். புதுச் சுண்ணாம்பு வாசனை. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சித்தப்பாவை நாற்காலியோடு ஜட்கா வண்டியிலிருந்து இறக்கிக் கூடத்தில் விட்டார்கள். அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "அண்ணி, இன்னிக்கு எனக்கு முழு டம்ளர் காப்பி" என்றார்.

அம்மா நின்றாள். "முழுசா?"

"தளும்பத் தளும்ப."

குடித்தார். கவிழ்த்துக் காட்டினார். பிறகு வளையத்தைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளினார். எல்லாரும் வழிவிட்டு நின்றோம். அடுப்படி வாசலுக்கு நேராகப் போனார். நிலைக்குள் நுழையும் இடத்தில் 'சரக்' என்று ஒரு சத்தம். கையை உதறிக்கொண்டார். இரண்டு கை விரல் முட்டிகளிலும் தோல் வழன்று வெள்ளையாகத் தெரிந்தது, பிறகுதான் ரத்தம் வந்தது.

நாற்காலி போகும். கை போகாது.

வளையத்தைப் பிடித்தால் விரல்கள் வளையத்துக்கு வெளியேதான் மடங்கும். பக்கத்துக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடவே. மிச்சம் இருந்ததோ ஒன்றரை. நான் நாற்காலியை அளந்தேன். அதை ஓட்டுகிற மனிதரைக் கட்டிலில் இறக்கி வைத்துவிட்டு அளந்தேன்.

அப்பா பின்னால் வந்து நாற்காலியைத் தள்ளினார். அது அந்தப் பக்கம் போயிற்று. "போகுதே! சரியாப் போகுதே! பாத்தீங்களா, பையன் கணக்கு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது போயிற்று. "கையை மட்டும் மடியில வெச்சுக்க தம்பி, யாராவது தள்ளி விட்டுடறோம்."

"அதுக்கென்ன அண்ணே, ராஜா மாதிரி கையக் கட்டிக்கிட்டுப் போறேன்" என்றார் சித்தப்பா. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். தங்கையும் என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த இரண்டு மூன்று வாரம் அவர் ஒரு வித்தை பழகினார். தூரத்திலிருந்தே வேகமாக ஓட்டி வந்து, வாசல் கிட்டே இரண்டு கையையும் மேலே தூக்கிவிடுவார், போலீஸைக் கண்ட திருடன் மாதிரி. நாற்காலி அந்த வேகத்திலேயே வாசலைத் தாண்டிவிடும். நாங்கள் கைதட்டிச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன். ஒரு நாள் நாற்காலி கோணலாகப் போய் நிலையில் மோதி, அவர் முன்னால் விழுந்து உதடு கிழிந்தது. அதோடு விட்டுவிட்டார். வாசல் வந்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். யாராவது வரும்வரை.

"அடுத்த வருஷம் இடிச்சு அகலமாக்கிடலாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னபோதெல்லாம் நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னார். பதினோரு வருஷம் சித்தப்பா அந்த வீட்டில் இருந்தார். காப்பி மறுபடியும் பாதி டம்ளர் ஆகிவிட்டது. அம்மா மறுபடியும் மனத்தாங்கல் பட்டாள். சித்தப்பா கடைசிவரை அவளிடம் காரணம் சொல்லவில்லை.

அட்டை வீட்டை ஒரு மழைக்காலத்தில் எலி கடித்துவிட்டது. பொத்தான்களை அம்மா எடுத்துத் திரும்பவும் கோட்டில் தைத்துக்கொண்டாள். நாற்காலி யாருக்குப் போனது என்று தெரியவில்லை. அந்த வீடும் இப்போது இல்லை, அங்கே நாலு மாடி நிற்கிறது. இந்தப் பொம்மை விஷயத்தை நான் அப்பாவிடம் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

இப்போது எனக்கு மருமகள் காப்பி கொண்டு வந்து வைக்கிறாள். பாதியை விட்டுவிடுகிறேன். முழுசாகக் குடித்தால் வாக்கரைப் பிடித்துக் கக்கூஸுக்குக் கூட்டிப்போக யாரையாவது கூப்பிட வேண்டும். "சர்க்கரை பத்தலியா மாமா?" என்கிறாள். நல்ல பெண். பத்துகிறதம்மா என்கிறேன்.

போன வாரம் தங்கைக்கு போன் போட்டேன். அவள் சந்தாபுராவில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் காது மந்தம். உடம்பு, மாத்திரை எல்லாம் பேசி முடித்தபிறகு, "நீ ஒரு மெழுகுப் பொம்மை பண்ணினியே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எது? சித்தப்பா பொம்மையா? ஞாபகம் இல்லாம என்ன. கையைத் தடிச்சதாப் பண்ணிட்டேன். அளவே தெரியாது எனக்கு. இன்னிக்கும் ஒரு ஜாக்கெட் வெட்டணும்னா பயம்தான், மகளைத்தான் வெட்டச் சொல்வேன்."

"இல்லம்மா. கை சரியாத்தான் இருந்துச்சு."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள். காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன்.

"அப்போ ஏண்ணா பிச்சுப் போட்டே?" என்றாள்.

"வாசல்ல தட்டுச்சும்மா" என்றேன்.